கம்பி வரிசை தெரிந்தும் பேசாதவனுக்கு

இன்று காலை உன் மகன் ஒரு ரிமோட் லாரியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். முன்சக்கரம் திரும்பவில்லையாம். மூடியைக் கழற்றியதும் கருகிய சுருளின் நாற்றம் குப்பென்று அடித்தது. எத்தனை வருஷமானாலும் எனக்கு அது உன் நாற்றம்தான். இறந்தவனுக்கு எழுதும் மடலை இப்படியா தொடங்குவது என்று ஊரார் கேட்பார்கள். கேட்கட்டும். உனக்கு இந்த மரியாதை போதும்.

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே கடையில் நாம் இருவரும் ரேடியோ பழுது பார்த்தோம். பக்கத்துப் பள்ளியில் ரேடியோ வேலை கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். இருவருமே மனுப் போட்டோம். தாளாளர் தன் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரிமோட் லாரியை என்னிடம் கொடுத்தார். "நம்ம பள்ளிக்கூடத்துக் கண்காட்சி அன்னைக்கு இது ஓடிட்டுன்னா வேல ஒமக்குத்தான் வே" என்றார். கரிவலம்வந்தநல்லூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பள்ளிக்கூட உத்தியோகம் உறுதியானால் தேதி குறிக்கலாம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது உனக்கும் தெரியும். எனக்குப் பட்டு வேட்டி எடுக்க வருகிறேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாய்.

லாரியில் வெந்துபோயிருந்தது சக்கரத்தை இடமும் வலமும் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டி, சர்வோ. மாற்று வாங்க மதுரைக்குப் போனோம். விமான மாடல் சாமான் விற்ற கடையில் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று பழையதின் அதே கம்பெனி, ஆனால் உள்ளே பற்சக்கரம் பிளாஸ்டிக் பல். அந்தக் கனத்த வண்டிக்கு நாலு நாள் தாங்காது. மற்றது வேறு கம்பெனி, உலோகப் பல், நல்ல இழுவை. பழைய சர்வோவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அளவு சரியாக இருந்தது, பிளக்கும் அதே மாதிரி. ஆனாலும் கம்பெனி வேறு என்று தயங்கினேன்.

"ஏல, பிளக்கு ஒண்ணுபோலதான இருக்கு, பெறவென்ன யோசன? இதையே எடு" என்றாய்.

ரேடியோக்காரனுக்கே உரிய மடத்தனம் ஒன்று உண்டு. பிளக் பொருந்தினால் உள்ளே கம்பியும் பொருந்தும் என்று நம்பிவிடுவோம். நானும் நம்பி உலோகப் பல்லையே வாங்கினேன். பெட்டியோடு வந்த விளக்கத் தாளை நீ எடுத்துக்கொண்டாய். ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கல்யாணக் கனவு கண்டேன்.

சர்வோவை மாட்டிவிட்டேன், ஓட்டிப் பார்க்க வழியில்லை. அந்த லாரிக்கென்றே வந்த பேட்டரியைத் தாளாளர் தன்னிடமே வைத்திருந்தார். கண்காட்சி அன்று மைதானத்தில் அவர் கையாலேயே மாட்டினார். வண்டி ஓரடிகூட நகரவில்லை. சர்வோவிலிருந்து புகை வந்தது. வண்டியே பாழ். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நீ முன்னால் வந்தாய்.

"ஐயா, நான் அப்பமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவன் கேக்க மாட்டேன்னுட்டான்."

அடுத்த வாரம் வேலை உனக்குப் போனது. பெண் வீட்டாரிடமிருந்து பேச்சில்லை. ஒரு மாதம் கழித்து, நீ கடை ஆணியில் விட்டுப்போன பழைய சட்டையின் பையில் அந்தத் தாள் கிடைத்தது. பழைய கம்பெனி சர்வோவில் நடுக்கம்பி பிளஸ், இதில் மைனஸ், வரிசை மாற்றாமல் மாட்டினால் எரிந்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாய். படித்திருக்கிறாய், புரிந்திருக்கிறது, வாயைத்தான் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. நீ வாரம் தவறாமல் கடைக்கு வந்து "மக்கா" என்று தோளில் கை போட்டபோதெல்லாம் சிரித்தேன். உன் பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்து அத்தனை பேர் முன்னால் உடைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது செத்துப்போனாய். அதிலும் என்னை ஏமாற்றினாய்.

இன்று உன் மகன் செல்போனில் இரண்டு சர்வோக்களைக் காட்டினான். "பெரியப்பா, எத வாங்கட்டும்? ரெண்டுக்கும் பிளக்கு ஒண்ணுதான்." எதையாவது எடு என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பிளக்கை நம்பாதே, கம்பி வரிசையைப் பார் என்று விளக்கிச் சரியானதைக் காட்டினேன்.

அவன் அதோடு போயிருக்கலாம். "நீங்க பெரிய மனசுக்காரவிய பெரியப்பா. அந்தப் பள்ளிக்கூட வேலைய நீங்கதான் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தியளாமே. அப்பா அடிக்கடி சொல்லுவாவ" என்றான்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. விட்டுக்கொடுத்தேனா? ஒன்று விடாமல் சொன்னேன், பென்சில் வட்டம் உட்பட. அவன் முகம் சுருங்கச் சுருங்க எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

அவன் லாரியை எடுத்துக்கொண்டு எழுந்தான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து பெரியப்பா போட்டுக் கூப்பிட்டவன், "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என்னை அப்படிக் கூப்பிட இந்த ஊரில் வேறு பிள்ளை கிடையாது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.