கேமராவில் மாட்டிய அரிய பறவை

என்னங்க,

குருவித் தீனிப் பெட்டியின் கேமரா சரியாகிவிட்டது. படம் மங்கல் மங்கல் என்று கம்பெனிக்காரனைப் போனில் காய்ச்சி எடுத்தீர்களே, லென்ஸ் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நீங்கள் உரிக்கவே இல்லை. காலையில் நான் நகத்தால் உரித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்பது உங்கள் பாடு.

இலை அசைந்தால்கூட இரண்டு பேர் போனுக்கும் சேதி அனுப்பித் தொலைக்கிறது. நேற்று சாயங்காலம் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு நிமிர்ந்தால், "அரிய பறவை வந்துள்ளது" என்கிறது. திறந்து பார்த்தேன். உங்கள் வழுக்கை! படம்தான் மங்கல், பேச்சு கணீரென்று கேட்டது. "நாளைக்கு இன்டர்வியூடா. அவகிட்ட சொல்லல. இதுவும் புட்டுக்கிச்சுன்னா அவ மூஞ்சி வாடிப்போயிடும்" என்று குருவியிடம் புலம்பிக்கொண்டிருந்தீர்கள்.

"வேலை தேடாம குருவிக்குச் சேவகம் பண்றீங்களா?" என்று முந்தாநாள் நான் கத்தியது தப்புதான். எனக்கு வாய் நீளம். உங்கள் தலையில் முடி இருந்த காலத்திலேயே தெரிந்த சங்கதிதானே.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நீலச் சட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்குகிறது. பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதல் போன் எனக்கு. குருவியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.