வலென்சியாவில் உன் முதல் ஓட்டு

ஈப்போ,
திங்கட்கிழமை

அன்புள்ள தங்கச்சி மெலிண்டாவுக்கு,

உன் அக்கா கத்தரின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். பொட்டலத்தில் அச்சு முறுக்கு இருக்கிறது, உடைந்திருந்தால் என்னைத் திட்டாதே.

நீ ஸ்பெயின் குடியுரிமை வாங்கி நம் மலேசியக் குடியுரிமையையும் ஐசியையும் விட்டுக்கொடுத்ததில் அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பாகான் டத்தோ தோட்டத்தில் தாத்தா காலமெல்லாம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்து, கடைசியில்தான் குடியுரிமை கிடைத்து ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டார். “அதப் போயி இவ தூக்கிக் குடுத்துட்டா லா” என்று அப்பாவுக்குப் புலம்பல்தான்.

உன் மாமியார் இங்கே வரப்போகிறாரே என்று நான் போனில் ஸ்பானிஷ் படிக்கிறேன் அல்லவா? இந்த வாரம் தேர்தல் பாடம். வோத்தோ என்றால் ஓட்டு, ஊர்னா என்றால் ஓட்டுப்பெட்டி, பப்பெலேத்தா என்றால் ஓட்டுச்சீட்டு. தோசை ஊற்றிக்கொண்டே நான் தப்புத் தப்பாகச் சொல்ல, பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா திருத்துகிறார்! கேட்காத மாதிரி கேட்டுக் கேட்டே படித்துவிட்டார், கள்ளர்.

நேற்று பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ரோய்ஸ்டன் ஒரு தேர்தல் வைத்தார். மதியத்துக்கு மீனா, கோழியா? உங்கள் ஸ்பெயின் முறைப்படி இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. வேண்டிய சீட்டை உறையில் போட்டால் போதும். அப்பா மீன் சீட்டை எடுத்தார். சும்மா போட்டாரா? இங்கே ஓட்டுப் போட்ட இத்தனை வருடப் பழக்கம் விடுமா? அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டு, “பங்கா போட்டாச்சு” என்று நீட்டினார். அங்கே சீட்டில் கிறுக்கினால் ‘நூலோ’, அதாவது செல்லாத ஓட்டு என்று ரோய்ஸ்டன் தள்ளிவிட, கோழி ஜெயித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்பா சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அடுப்படிக்கு வந்தார். “அந்தப் பொண்ணும் இங்க ஓட்டுப் போட்டவதானே. கை தானா பங்கா போட்டுரும். சொல்லி வை. அவ ஓட்டு வீணாப் போவக் கூடாது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் அங்கே உன் முதல் ஓட்டைப் போட்டு வந்ததும் அப்பாவையே கூப்பிடு, என்னை அல்ல. எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு. எடுத்தும் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே தங்கச்சி, அப்படியே இரு. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
கத்தரின்