அவள் எழுதாத காய்ச்சல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்களிடத்திலும் அத்தானிடத்திலும் பிள்ளைகளிடத்திலும் தங்கியிருப்பதாக. கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் திக்கென்றிருக்கும். எப்போதும் உங்கள் தங்கைதான் எழுதுவாள். நான் கடைசியில் இரண்டு வரி நலம் விசாரிப்பேன். இந்த முறை அவளால் எழுத முடியவில்லை. இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அம்மாவுக்கும் அவள் மகள் பாப்பாவுக்கும் இப்போது படித்துக் காட்ட வேண்டாம்.

இங்கே மழை விட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்கு ஒருவராவது மலேரியாவில் படுத்தார்கள். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும், எட்டுக் கட்டிலும் தகரக் கூரையும்தான். மாதம் ஒரு தடவை வருகிற டாக்டரும் பாலம் போனதால் வரவில்லை. உங்கள் தங்கை ஒருத்தியே ஊசி போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டி, ஒவ்வொருவர் காய்ச்சலையும் நோட்டில் எழுதி வைத்தாள். நான் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு அவளுக்குக் கூடமாட உதவினேன்.

மருந்து தீர்ந்துகொண்டு வந்த சமயத்தில் எங்கள் சபை பாஸ்டர் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, மூளைக்கு ஏறுகிற வகை. பிரசங்கத்தையே மறந்து உளறினார். ஏழு நாள் ஊசி போட வேண்டும். பெட்டியில் இருந்ததும் ஒரு ஆளுக்கான ஏழு நாள் மருந்துதான். முதல் நாள் ஊசி போட்டுவிட்டு, "ஆம்பளைக்குக் காய்ச்சல் வந்தா வீடே கூடப் படுக்கணும் போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் நல்ல வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். தலைக்குக் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கையைத் தொட்டுப் பார்க்கப் போனேன். "நர்ஸ் நானா நீயா? போய் அந்தக் கிழவருக்குத் தண்ணி குடு" என்று விரட்டினாள். நான் போய்விட்டேன். அக்கா, உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. அவளும் படுத்துவிட்டால் அந்த எட்டுக் கட்டிலையும் என்னால் எப்படிப் பார்க்க முடியும் என்று பயந்துதான், அவள் சொன்னதை நம்பினேன்.

ஏழாம் நாள் ஊசியையும் அண்ணனுக்குப் போட்டாள். காலிக் குப்பியைக் குழியில் போட்டு மூடிவிட்டு வந்தவள், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். தூக்கும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. அன்று பாதி நாள் நினைவு இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன், அழுதேன். "சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி போட்டிருப்பீங்க. பாதி மருந்து யாரையும் காப்பாத்தாது" என்றாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லார் பெயரும் இருந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே ஓடத்தில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் மரம் ஏற்றுகிற லாரியில் மருந்துக்குப் போனார். மூன்று நாளில் வருவதாகச் சொன்னார். இன்று ஆறாவது நாள். அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றதற்கு அவளே ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வழியிலேயே போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இருக்கிற மாத்திரையை இடித்துக் கரைத்துக் கொடுத்தோம். உள்ளே நிற்கவில்லை.

இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. காலையில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. சிறுநீர் கறுத்துவிட்டது. முந்தாநாள் ஜன்னியில் என்னைப் பாப்பா என்று நினைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் அம்மா என்று சொன்னேன். அதற்கப்புறம் பேச்சில்லை.

பாஸ்டர் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தன்னைப் பிழைக்க வைத்ததற்காக ஆண்டவருக்குச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்கிறார். தனக்குக் காய்ச்சல் விட்ட அன்றுதான் அவளுக்குப் பிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நிஜத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் ஜெபிக்கும்போது எல்லாரும் ஆமென் சொல்கிறார்கள். என் வாயும் அசைகிறது. ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்கு எழுத மட்டும் கை வரவில்லை, அக்கா. பத்து வருஷ ஊழியத்தில் இப்படி ஆனதில்லை.

நம்பிக்கையாக இருங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நானும் இந்தக் கட்டில்களுக்கு நடுவில்தானே நடமாடுகிறேன். சிறுநீர் கறுத்துப் போன பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்துபோனவர்களை நான் பார்த்ததில்லை. மருந்து இன்றைக்கே வந்து இறங்கினாலும், பிழைத்துவிடுவாள் என்று எழுதினால் உங்களை ஏமாற்றுகிறவளாகிவிடுவேன். ஊரை விட்டு இந்தத் தேசத்துக்கு ஊழியத்துக்குப் போகலாம் என்று அவளைக் கிளப்பினவளும் நான்தான். உங்களுக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்.

ஓடக்காரர் வெளியே காத்திருக்கிறார். கடிதத்தை லாரியில் சேர்த்துவிடுவார். இது எத்தனை நாளில் உங்கள் கைக்கு வருமோ தெரியாது. அதற்குள் இங்கே என்னென்ன நடந்து முடிந்திருக்குமோ, அதையும் நானே எழுத வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பாப்பாவிடம், விடுமுறைக்கு அம்மா வருவாள் என்ற பேச்சை இனி யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றிலிருந்து அவளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே பாய் போடுங்கள். ஏன் பெரியம்மா என்று கேட்டால், உங்களுக்குத்தான் துணை வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கர்த்தர் அந்தப் பிள்ளையைக் கைவிடாதிருப்பாராக.

உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
அவள் தோழி