நீங்கள் போட்ட முடிச்சு

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. இஸ்திரிக்குக் கொடுக்கலாம் என்று என் மனைவி அந்தச் சிவப்பு டையை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். "தொடாதே" என்று கத்திவிட்டேன், தலைவரே. நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு டைக்காகத் திட்டு வாங்குவாள் என்று பாவம் அவள் நினைத்திருக்க மாட்டாள்.

முதல் தேர்தலில் நீங்கள் தோற்றபோது எங்கள் அப்பாவின் மாட்டு வண்டிதான் உங்களுக்குப் பிரசார வாகனம். அறுபதுகளின் கடைசியில் ஜெயித்தீர்கள். எம்.எல்.ஏ. ஆன பிறகும் பாலக்கோட்டுக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனீர்கள். கல்குவாரிக் கம்பெனியில் எனக்கு அதிகாரி வேலை கிடைத்தபோது வீடு தேடி வந்து துண்டு போர்த்தினீர்கள். ஊரில் முதன்முதலாக டை கட்டியவன் நான். அந்தப் பெருமையில் பாதி உங்களுக்கு இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பேச்சு. குவாரி வெடியில் காலனி வீடுகளின் சுவர்கள் பிளந்திருந்தன. பெரிய அதிகாரிகள் காரில் வந்து பார்த்துவிட்டு, சுவர் பழசு என்று சொல்லிப் போய்விட்டார்கள். மொரப்பூர்க் கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள்.

"கம்பெனி ஆபீசருங்கன்னா யாரு? டை கட்டுன ஆமாஞ்சாமிங்க. மொதலாளி பகல ராத்திரின்னு சொன்னா, லைட்டப் போட்டுட்டு வந்து நிப்பானுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த என் அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "எம் மவனையுந்தான சேத்துச் சொன்னாரு" என்றாள்.

பேப்பரில் வந்தது, மெட்ராஸ் வரை புகைந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் இங்கே கட்டவிருந்த புதுத் தொழிற்சாலை வேறு ஜில்லாவுக்குப் போகும் என்றது கம்பெனி. மன்னிப்புக் கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்றது உங்கள் கட்சி. உள்ளூர்க்காரன் என்று கம்பெனி என்னைத்தான் தூது அனுப்பியது. நானும் வருவேன் என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள்.

களி சாப்பிட்டுக்கொண்டிருந்த நீங்கள் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து கை கழுவினீர்கள். ஈரம் சொட்டக் கும்பிட்டீர்கள். "உங்க மனச நோகடிச்சது தப்புதானுங்க, மன்னிச்சிருங்க."

என் பக்கம் திரும்பியதும் குரல் மாறிவிட்டது. "கம்பெனிகிட்ட கேக்க மாட்டேன் தம்பி. அந்தச் செவுத்து ஓட்டையில கைய வுட்டுப் பாக்கச் சொல்லு, அப்புறம் பேசலாம். நீயும் ஒரு தடவ அவங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டு வா. அந்த டைய நானே கட்டி வுடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உங்கள் சீட்டு இன்னொருவருக்குப் போனது. சுயேச்சையாக நின்று டெபாசிட்டையும் இழந்தீர்கள். தொழிற்சாலை எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் வந்தது. அவர்களுக்கு வேண்டியது நம் மலை; உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?

சில வருஷம் கழித்து இன்னொரு தெருவில் சுவர்கள் பிளந்தன. வெடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதானே என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லைங்க சார், வெடியாலதான்" என்று வந்துவிட்டது. அந்த மாதமே வடக்கே தூக்கி அடித்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். பையில் இருந்த டையைக் கேட்டு வாங்கினீர்கள். பழக்கமே இல்லாத கை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற மாதிரி என் கழுத்தில் இழுத்துச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டீர்கள். "கோணலாத்தான் இருக்கும், கண்ணாடியில பாக்காத" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

அதுதான் கடைசி. நீங்கள் போன செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. வந்து முகம் பார்க்க முடியவில்லையே என்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

அந்த ஒரு "இல்லை"க்குப் பிறகு நான் எத்தனையோ "ஆமாம்" சொல்லிப் பிழைத்தவன்தான், தலைவரே. ஆனால் ஆமாம் என்று சொல்ல வாய் வராமல் போன சில இடங்களும் இருந்தன. அங்கெல்லாம் இந்த டையைத்தான் தலை வழியாக மாட்டிக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சரியாகக் கட்டித் தருகிறேன் என்று கையை நீட்டினார்கள். ஒருத்தரையும் தொட விடவில்லை.