மூச்சு கேட்டால்தான் திரும்புவாள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மேடையில விளக்கு கட்டுற வேலை இருக்கு, நான் முன்னாடியே போறேன். சாவிய பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க.

நேத்து ஒத்திகையில எல்லார் முன்னாடியும் உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வயலின்ல வில்ல வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க மூக்கால மூச்ச இழுக்கிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேக்குது. அந்த ருஷ்யக் குறுநாவல நான் மாங்கு மாங்குன்னு நாடகமாக்கினது இதக் கேக்கவான்னு எரிஞ்சு விழுந்துட்டேன். நீங்களும் வீம்புக்கு மூச்சுச் சத்தமே இல்லாம வாசிச்சீங்க.

கடைசிக் காட்சியில நம்ம கதாநாயகி வயலின் ஆரம்பிச்சும் திரும்பாம ஜன்னலப் பாத்தபடியே மரம் மாதிரி நின்னாளே, வசனம் மறந்துட்டான்னு நெனச்சேன். இன்னிக்குக் காலைல போன்ல கேட்டா, "அக்கா, அவர் மூச்ச இழுத்தாதான் நான் திரும்புவேன். இத்தனை நாளா அதக் கேட்டுத்தான் திரும்பினேன்"ங்கிறா.

அதனால சாயங்காலம் தாராளமா இழுங்க.

பி.கு. கறுப்புச் சட்டைய இஸ்திரி போட்டுக் கதவுல மாட்டியிருக்கேன்.

இன்னொண்ணு. ராத்திரி கோவிச்சுக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்துட்டீங்க. உங்க மூச்சுச் சத்தம் இல்லாம எனக்கும் எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியல.