ஸ்வெட்டருக்கு வந்த வரி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் கொழுகொழுவென்று நலம்.

நீ அனுப்பிய ஸ்வெட்டர் தபால் நிலையத்தில் மாட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள், பரிசு என்றாலும், குறிப்பிட்ட விலையைத் தாண்டினால் இந்த நாட்டில் வரியாம்.

"எங்கம்மா கடையில பாதி விலைக்குக் கேப்பாங்க, பெருமைக்கு படிவத்துல ரெண்டு மடங்கா எழுதுவாங்க சார்," என்றேன். அதிகாரி சிரித்தார்; சிரித்துக்கொண்டே வரியும் வாங்கினார். என் பெயருக்கு இங்கே வந்த முதல் தபால், வரி கட்டச் சொல்லி முன்னாடியே வந்த அந்தச் சீட்டுதான். அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஸ்வெட்டர் கச்சிதம். ஆனால் கடை வாசனைதான் அடிக்கிறது.

வீட்டில் புழங்கிய பழைய துணிக்கு வரியே கிடையாதாம். அதனால் புதிதாக எதுவும் வாங்காதே. நீ போர்த்திக்கொள்ளும் பச்சைப் போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம். உனக்குத்தான் முழங்கால் வலியாயிற்றே.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் வாலு