பிடுங்கிய ப்ளக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடறாரா?

போன்ல சொன்னா குரல் காட்டிக் கொடுத்துடும், அதான் கடிதம். சனிக்கிழமை லேப்ல இருந்து உன்கிட்ட ரொம்ப நேரம் பேசினேன்ல? நடுவுல சார்ஜ் தீரப் பார்த்துச்சு. ஃப்ரீசர் ப்ளக்கைப் பிடுங்கிட்டு சார்ஜரைச் சொருகினேன். பேசின சந்தோஷத்துல சார்ஜரை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

திங்கட்கிழமை போனா உள்ளே எல்லாம் உருகிக் கிடக்கு. கூட ஆராய்ச்சி பண்ற அக்கா ரெண்டு வருஷமா ஏரி ஏரியா இறங்கிச் சேர்த்த சேறும்மா அது. ஒரு தடவை உருகினா மறுபடி உறைய வச்சாலும் ஆராய்ச்சிக்கு உதவாது. யாரும் வர்றதுக்குள்ள ப்ளக்கைச் சொருகிட்டேன். "கரண்ட் போயிருக்கும்"னு வாட்ச்மேன் சொன்னார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அக்கா அழுதுட்டு என்கிட்டதான் வந்தாங்க. "என் போன் ஆஃப் ஆயிடுச்சுடா. உன்னோடதுல சார்ஜ் இருக்கா? எங்கம்மாகிட்ட பேசணும்." கொடுத்தேன். முழு சார்ஜ் இருந்துச்சு.

யாராவது இங்கே வந்தா நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்ணு கொடுத்தனுப்பு. அக்காகிட்ட உண்மையைச் சொல்ற வரைக்கும் உனக்குப் போன் பண்ண மாட்டேன். நீயும் பண்ணிடாதே, எடுத்துடுவேன்.

அவசரமாக,
உன் பெரியவன்